பதினோராம் விதி

ஆவடியில் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்றால் பக்கத்து அம்பத்தூர்க்காரர்களே நம்பமாட்டார்கள். ஆனால் ஆடினார்கள். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் அதிகாரிகள் குடியிருப்புக்குப் பின்னால், ஏரிக்கரை ஓரமாகக் கருவேல முள்ளும் பனைமரமுமாகக் கிடந்த நிலத்தைச் செதுக்கி, ஒன்பது குழி தோண்டி, குழிக்கு ஒரு கொடி நட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொப்பியும் மட்டையுமாக நடந்தார்கள். பெரிய ஊர் கிளப்புகளில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் வளர்த்து வைத்திருப்பார்களாம். ஆவடியில் குடிக்கிற தண்ணீருக்கே லாரி வரவேண்டும், புல்லுக்கு யார் ஊற்றுவது? அதனால் வண்டிகளிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை மணலில் கலந்து, குழியைச் சுற்றி வட்டமாகப் பரப்பியிருந்தார்கள். அதற்கு பிரவுன் என்று பெயர். பந்தைக் குழியில் தள்ளிய பிறகு, மிதித்த தடமெல்லாம் மறையும்படி கனத்த கோணி ஒன்றை அதன்மேல் இழுத்துவிட்டுத்தான் அடுத்த குழிக்குப் போகவேண்டும். ஆயிரம் பேரை வேலை வாங்குகிற அதிகாரி குனிந்து கோணி இழுப்பதைப் பார்ப்பதற்காகவே வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்துகிறவர்கள் உண்டு.

முதல் குழிக்கு ஆட்டம் தொடங்கும் இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், இரண்டு பெரிய நோட்டுகள், அவற்றுக்குப் பின்னால் சாதுல்லா. 1986 முதல் அவர்தான் அங்கே ஸ்டார்ட்டர். பத்து நிமிடத்துக்கு ஒரு குழுவாக நாலு நாலு பேரை அனுப்புவது, எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்று குறிப்பது, அவர்கள் தரும் அட்டைகளை வைத்து ஒவ்வொருவருடைய ஹேண்டிகேப்பையும் எழுதி வருவது. வேலை இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று நாம் சொல்லிவிடலாம், சாதுல்லாவால் முடியாது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதால்தான் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பூந்தமல்லிக்காரர். இருபது வயதில் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் சேர்ந்து, பதினேழு வருடம் இரும்புத் தகடுகள்மேல் பச்சைப் பெயின்ட்டைப் பீய்ச்சினார். மூக்குக்குக் கைக்குட்டை ஒன்றுதான் காவல். வீட்டுக்கு வந்து எச்சில் துப்பினால் அதுவும் பச்சையாக இருக்கும். 1982 மழைக்காலத்தில் ஒரு நாள் ஸ்பிரே குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான், மறுபடி நெஞ்சு நிறைய மூச்சு இழுக்க ஐந்து மாதமாயிற்று. டாக்டர்கள் கூடிப் பேசி 'லைட் டூட்டி' என்று எழுதினார்கள். கேட்டில் டைம் ஆபீஸில் உட்காரவைத்தார்கள். நாலு வருடத்தில் அங்கே அட்டை குத்துகிற இயந்திரம் வந்தது, ஆளுக்கு வேலை போயிற்று. அடுத்து எங்கே போடுவது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் கோல்ஃப் கிளப் செயலாளர் வீரராகவன் ஒரு ஸ்டார்ட்டர் வேண்டும் என்று கேட்டார்.

இதில் ஒரு கொக்கி இருந்தது. வருடா வருடம் ஜனவரி கடைசிக்குள் கிளப் செயலாளர், இந்த ஆள் எங்களுக்கு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அந்த வருடமும் லைட் டூட்டி. கையெழுத்து இல்லையென்றால் பழைய இடத்துக்கே, அதாவது பெயின்ட் ஷாப்புக்கே திரும்பிப் போகவேண்டும். மற்றவர்களுக்கு ஜனவரி என்றால் பொங்கல். சாதுல்லாவுக்கு அது கையெழுத்து மாதம்.

வீரராகவன் ஐம்பத்தாறு வயது அதிகாரி. ஒல்லி, உயரம், சட்டையில் மடிப்புக் கலையாது. மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் ஒழுங்கு என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையையும் வெயிலில் நிறுத்துவார். கிளப்புக்குப் பதின்மூன்று விதிகள் எழுதி, டைப் அடித்து, ஸ்டார்ட்டர் அறைச் சுவரில் ஒட்டியிருந்தார். அவற்றில் ஒன்பதாவது விதி நேரத்தைப் பற்றியது. பதினெட்டுக் குழி ஆட்டத்தை, அதாவது அந்த ஒன்பது குழிகளை இரண்டு சுற்று, நாலரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். தாண்டினால் அந்தக் குழுவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு அடி அபராதம். இந்த ஆட்டத்தில் குறைவாக அடித்தவர்தான் ஜெயித்தவர், ஆகவே இரண்டு அடி கூடுவது பெரிய விஷயம். அந்த விதி வருவதற்கு முன் கிளப் பட்டபாட்டைச் சொல்லி முடியாது. சம்பத் என்று ஓர் அதிகாரி, பந்தைத் தொடுவதற்கு முன் ஒன்பது தடவை காற்றில் மட்டையை வீசிப் பார்ப்பார். பத்தாவது வீச்சிலாவது பந்து போகுமா என்றால் முள்ளுக்குள் போகும். அதைத் தேடிக் கால்மணி. பின்னால் வருகிறவர்கள் பனைமர நிழலில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கட்டிவந்த இட்லியையே தின்று முடித்துவிடுவார்கள்.

பதினோராவது விதி ஒரே வரி. நேர விஷயத்தில் ஸ்டார்ட்டரின் கைக்கடிகாரமே இறுதி. ஆளாளுக்கு ஒரு மணி காட்டிச் சண்டை போட்டதைப் பார்த்து வீரராகவன் எழுதியது அது. முதல் தடவை அதைப் படித்தபோது சாதுல்லா தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சாவி கொடுக்கிற பழைய கடிகாரம், கண்ணாடியில் ஒரு கீறல். அதற்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று அவர் நினைத்ததில்லை.

ஹேண்டிகேப் என்பதை அவர் தன் மனைவி நசீம் பானுவுக்கு ஒரே மூச்சில் விளக்கியிருக்கிறார். "நல்லா ஆடுறவனும் ஆடத் தெரியாதவனும் ஒண்ணா போட்டி போடணும். அதுக்காக ஆடத் தெரியாதவனுக்கு அத்தினி அடி தள்ளுபடி. எவனுக்கு தள்ளுபடி கம்மியோ அவன் கில்லாடி." கடைசி ஐந்து அட்டைகளைக் கூட்டிச் சராசரி பார்த்து, அதில் எழுபத்திரண்டைக் கழித்து, மிச்சத்தில் பின்னத்தை விட்டுவிட்டால் வருவது அந்த ஆளின் ஹேண்டிகேப். சம்பத்துக்கு இருபத்துநாலு. வீரராகவனுக்குப் பதினாறு. ஆறு வருடமாகப் பதினாறு. ஒவ்வொரு மாதமும் அட்டையை நீட்டிவிட்டு, "பதினஞ்சு வருதா?" என்று கேட்பார். சாதுல்லா கூட்டிக் கழித்து, "பதினாறுதான் சார்" என்பார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். வேறு யாராவது செயலாளராக இருந்தால், ஓர் அடியை அப்படி இப்படித் தட்டி எழுதச் சொல்லியிருப்பார்கள். இவர் கேட்டதே இல்லை.

1992 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. வருடாந்திரக் கோப்பைக்கான போட்டி. அன்று விடியற்காலை சாதுல்லா பூந்தமல்லிப் பள்ளிவாசலில் சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார். இம்மி பிசகவில்லை. பஸ் பிடித்து ஆவடி போய் இறங்கினார். ஏழு மணிக்கு முதல் குழுவை அனுப்பினார். ஏழு இருபதுக்கு மூன்றாவது குழு, அதில் வீரராகவன். ஏழு ஐம்பதுக்கு ஆறாவதும் கடைசியுமான குழு போயிற்று. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டார்.

அப்போது தொழிற்சாலையில் சங்கு ஊதியது. பொங்கல் விடுமுறைக்கு ஈடாக இரண்டு ஷாப்புகளுக்கு அன்று வேலை வைத்திருந்தார்கள். எட்டரை மணிச் சங்கு. சாதுல்லா மணிக்கட்டைப் பார்த்தார், எட்டு இருபத்திரண்டு. கடிகாரம் பின்தங்கிவிட்டதே என்று அதைத் திட்டியபடி, டீத் தம்ளரைக் கீழே வைக்காமலே, முள்ளை எட்டரைக்குத் தள்ளினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அந்தக் குடியிருப்பில் அடுப்பு பற்றவைப்பது, பிள்ளைகளை எழுப்புவது, தாலிகட்டு முகூர்த்தம் பார்ப்பது எல்லாமே சங்கை வைத்துத்தான். சங்கும் கடிகாரமும் ஒத்துப்போகவில்லையென்றால் கடிகாரம்தான் தப்பு. அதுவும் சாதுல்லா டைம் ஆபீஸில் நாலு வருடம், ஒவ்வொரு சங்குக்கும் ஆபீஸ் கடிகாரத்தைத் திருத்திப் பழகியவர். சங்கு காதில் விழுந்தால் கை தானாகப் போய்த் திருகியைப் பிடிக்கும். அவர் ஸ்டார்ட்டர் என்பதோ, இருபத்துநாலு பேரின் நேரம் அந்த முள்ளில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதோ கைக்குத் தெரியவில்லை.

வீரராகவன் அன்று ஆடியது போல் அதற்கு முந்தின வருடம் முழுக்க ஆடியதில்லை. எண்பத்தாறு அடியில் முடித்தார். பதினாறு தள்ளினால் எழுபது. கடைசிக் குழியில் பந்தை நிதானமாகப் பார்த்து உள்ளே தள்ளி, கோணியைத் தானே இழுத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் அறைக்கு வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. சாதுல்லா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்துமூன்று. பதினொன்று ஐம்பதுக்குள் வந்திருக்கவேண்டும்.

நோட்டைத் திறந்தார். இதை வாய்விட்டுச் சொல்வதா, மூன்று நிமிடம்தானே என்று முழுங்குவதா? ஆனால் எல்லாருடைய நேரத்தையும் எழுதுகிறவர், செயலாளர் நேரத்தை மட்டும் எப்படி மாற்றி எழுதுவார்?

"சார், மூணு நிமிசம் மேல ஆயிடுச்சு."

கூட ஆடிய ஓர் அதிகாரி பையிலிருந்து தன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "என்ன பாய், பதினொண்ணு நாப்பத்தஞ்சுதானே ஆகுது" என்றார்.

"நான் சங்குக்கு வெச்சேன் சார்" என்றார் சாதுல்லா.

சங்கு என்றால் சங்குதான். அந்த அதிகாரியே கொஞ்சம் வெட்கப்பட்டு, தன் கடிகாரத்தை எட்டு நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார். வீரராகவன் மட்டும் சற்று நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஆடும்போது கடிகாரம் கட்டுவதில்லை, கை கனக்கும் என்பார். பிறகு, "பதினோராம் விதி. ரெண்டு போடு" என்றார். எண்பத்தெட்டு ஆயிற்று, தள்ளுபடி போக எழுபத்திரண்டு. கடைசிக் குழுவில் வந்த சம்பத், என்ன மாயமோ, தொண்ணூற்றைந்தில் முடித்தார். இருபத்துநாலு போக எழுபத்தொன்று. ஓர் அடியில் கோப்பை சம்பத்துக்குப் போயிற்று. அதை எடுத்துக் கொடுத்ததும் வீரராகவன்தான். கை குலுக்கினார், கைதட்டினார், சமோசா மட்டும் தொடவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சாதுல்லாவுக்குப் பயம் இருந்தது, குற்ற உணர்ச்சி இல்லை. விதிப்படி செய்தோம், அவருக்கே அது தெரியும், ஆனாலும் கையெழுத்துப் போடும்போது மனசு ஒரு மாதிரி இருக்காதா என்று நினைத்துக்கொண்டே வந்தார். நேராகப் பள்ளிவாசலுக்குப் போனார். மதியத் தொழுகையான லுஹருக்கு ஜமாஅத் கூடுவது ஒன்றரை மணிக்கு. அவர் கடிகாரத்தில் சரியாக ஒன்றரை. உள்ளே பார்த்தால் ஒருவரும் வரிசையில் நிற்கவில்லை. பாங்கு சொல்கிற மோதினார் ஷேக் தாவூத் சாவகாசமாகப் பாயை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னா மோதினாரே, நேரமாச்சே, இன்னும் பாய உதறிகினு கீறீங்க?"

"உங்க கைல ஆயிருக்கும் பாய். செவத்த பாருங்க, இன்னும் எட்டு நிமிசம் கீது. மத்தியானச் செய்திக்கு முன்னாடி ரேடியோ பீப்புக்கு இப்பதான் சரி பாத்தேன்."

சாதுல்லா சுவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அதே சுவர், அதே கடிகாரம், விடியற்காலையில் இரண்டும் ஒன்றாக இருந்தவை. நடுவில் எட்டு நிமிடம் முளைத்திருக்கிறதென்றால் அது எங்கே முளைத்தது என்று தெரிய அவருக்கு நேரமாகவில்லை. டீத் தம்ளர் ஞாபகம் வந்தது. சங்கு தப்பு. சங்குக்காக அவர் முள்ளைத் தள்ளியது அதைவிடத் தப்பு. வீரராகவன் ஐந்து நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டார். எழுபது. கோப்பை அவருடையது. அன்றைய தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நசீம் பானு விடவில்லை, எல்லாவற்றையும் பிடுங்கிக் கேட்டாள்.

"இப்போ இன்னா பண்ணப் போறீங்க?"

"சொன்னா, நேரம் பாக்கத் தெரியாதவனுக்கு ஸ்டார்ட்டர் வேல எதுக்குன்னு கேப்பாரு. லெட்டர் இன்னும் கையெழுத்து ஆவல. சொல்லலன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்போ சொல்லாதீங்க."

சாதுல்லா பிசைவதை நிறுத்தினார். சுவரில் சாய்ந்துகொண்டார். நெஞ்சுக்குள்ளிருந்து மெலிசாக ஒரு சத்தம் கிளம்பியது. அவள் அதைக் கேட்டாள், பத்து வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். தட்டை இழுத்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"கேக்குதா, இப்பவே விசிலடிக்குது. நீங்க சொல்லாம வெச்சிகினு இருந்தீங்கன்னா ஊட்டுக்குள்ளயே பெயின்ட் ஷாப்பு வந்துரும். அங்க போயி இழுக்கறதுக்கு இங்கயே இழுத்துகினு கெடப்பீங்க. சட்டைய மாட்டுங்க, கெளம்புங்க."

நாலு மணி வாக்கில் ஆவடியில் இறங்கினார். முதலில் தொழிற்சாலை கேட்டுக்குப் போனார். காவலில் கஜபதி இருந்தான், டைம் ஆபீஸ் நாட்களிலிருந்து பழக்கம்.

"கஜபதி, காலைல சங்கு சரியா ஊதிச்சா?"

"நீ வேற பாய். பாய்லர் ஆளு பொங்கலுக்கு ஊருக்குப் பூட்டான். மாத்து ஆளுக்கு இன்னாவோ அவசரம், எட்டு நிமிசம் முன்னாலயே அமுக்கிட்டான். அதுக்குத்தான் காலைலருந்து பஞ்சாயத்து. லேட்டுன்னு நாங்க திருப்பி அனுப்புன ஆளுங்கல்லாம் கத்திகினு போனாங்க."

சந்தேகத்துக்கென்று மிச்சமிருந்த கொஞ்ச இடமும் போயிற்று. அதிகாரிகள் குடியிருப்பு அங்கிருந்து பத்து நிமிட நடை. சாதுல்லாவுக்கு அரைமணி ஆனது.

வீரராகவனின் மனைவி வரலட்சுமி கதவைத் திறந்தார். "உள்ள வாங்க. மத்தியானம் சாப்பிடவே இல்ல, என்னன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்கறார்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வழிவிட்டார். வீரராகவன் வராந்தாவில் உட்கார்ந்து மட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நாளைக்கு ஆடப்போகிறவர் அப்படிச் சுற்ற மாட்டார். பரணில் ஏற்றப்போகிற சாமான்களைத்தான் அப்படிச் சுற்றுவார்கள்.

சாதுல்லா நின்றபடியே சொன்னார். சங்கு, டீ, முள், பள்ளிவாசல் சுவர், கஜபதி. சுருக்கிச் சொல்லவேண்டும் என்றுதான் வந்தார், முடியவில்லை. கடைசியில், "நீங்க பதினொண்ணு நாப்பத்தஞ்சுக்கே முடிச்சிட்டீங்க சார். தப்பு என்னோடது" என்று நிறுத்தினார்.

வீரராகவன் முகம் சிவந்தது. "ஆட்டம் நடந்துண்டிருக்கும்போது முள்ளைத் திருப்பச் சொல்லி உனக்கு எவன் சொன்னான்? சங்கு ஊதினா ஊதிட்டுப் போறது. நீ டைம் ஆபீஸ்ல இல்லை, சாதுல்லா."

"ஆமா சார்."

"இருபத்துநாலு பேர் வெயில்ல அலையறா. ஒருத்தன் கையில மணி இருக்கு. அதையும் அவன் ஆட்டிப் பார்ப்பானா?"

"தப்புதான் சார்."

வீரராகவன் கையில் இருந்த மட்டையைக் கீழே வைத்தார். தோட்டத்துப் பக்கம் பார்த்தார். திரும்பியபோது குரல் வேறாக இருந்தது.

"நாப்பத்தஞ்சுன்னு உறுதியாத் தெரியுமா?"

"உறுதியா சார்."

"கடைசிக் குழில நிக்கறச்சே எனக்கு அப்படித்தான் தோணித்து. அஞ்சு நிமிஷம் கையில இருக்கு, நிதானமா ஆடலாம்னு ஆடினேன். வந்து பார்த்தா மூணு நிமிஷம் லேட்டுங்கற." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கப்பா கடைசி நாலு வருஷம் காலையா சாயங்காலமான்னு தெரியாம இருந்தார். முதல்ல நேரம்தான் தடுமாறித்து அவருக்கு. எனக்கும் ஆரம்பிச்சுடுத்துன்னே நினைச்சேன். இதையெல்லாம் சுத்தி வெச்சுடலாம்னு உட்கார்ந்தேன்."

உள்ளே நின்ற வரலட்சுமி வந்து, சுற்றி வைத்திருந்த மட்டைகளைத் தூக்கி மறுபடியும் பைக்குள் செருகினார். வீரராகவன் தடுக்கவில்லை. ஒரு மனிதர் தன் புத்தி தன்னிடமே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம். கோப்பையை அவர் மறந்தே போயிருந்தார்.

சாதுல்லாதான் நினைவூட்டினார். "சம்பத் சார்கிட்ட நானே போயி சொல்றேன் சார். கோப்பை உங்களோடது."

"கூடாது. ஸ்டார்ட்டரின் கடிகாரமே இறுதின்னு எழுதினது நான். எனக்கு நஷ்டம்னா விதியைத் திருப்பி எழுதுவேனா? கோப்பை அங்கேயே இருக்கட்டும். அந்த மனுஷன் இன்னொரு தடவை ஜெயிக்கப் போறதில்லை. ஆனா நடந்ததை நாளைக்கு நோட்டீஸ் போர்டுல போடணும். உன் பேரும் அதுல வரும்."

"வரட்டும் சார்." சாதுல்லா கொஞ்சம் தயங்கினார். பிறகு அவருடைய இன்னொரு நோட்டு, ஹேண்டிகேப் நோட்டு, அவருக்குத் தைரியம் கொடுத்தது. "கோப்பைக்குத்தான் சார் பதினோராம் விதி. ஹேண்டிகேப்புக்கு அது கெடையாது. நீங்க மெய்யாலுமே எத்தினி அடி அடிச்சீங்களோ அதத்தான் அந்த நோட்டுல எழுதணும். அடிக்காத ரெண்டு அடிய நான் எழுத முடியாது. எம்பத்தாறுதான் எழுதுவேன்."

"எழுதேன்."

"உங்க கடைசி நாலு அட்டை எம்பத்தெட்டு, எம்பத்தேழு, எம்பத்தொம்பது, எம்பத்தெட்டு. இதையும் சேத்தா நானூத்தி முப்பத்தெட்டு. அஞ்சால வகுத்தா எம்பத்தேழு, மேல கொஞ்சம். எழுபத்திரண்ட கழிச்சா பதினஞ்சு, மேல கொஞ்சம். அந்தக் கொஞ்சத்த உட்டுடணும்."

வீரராகவன் இருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். "திருப்பிச் சொல்லு."

சாதுல்லா திருப்பிச் சொன்னார். வீரராகவன் ஒரு காகிதத்தை எடுத்துத் தானே ஒரு தடவை கூட்டினார். இன்னொரு தடவை கூட்டினார். பிறகு உள்பக்கம் திரும்பி, "வரலட்சுமி, பதினஞ்சு" என்றார். வரலட்சுமிக்கு அது என்ன பதினைந்து என்று தெரிந்திருக்கவேண்டும். ஆறு வருடம் காதில் விழுந்த கணக்குத்தானே. அவர் சிரித்துக்கொண்டே, இலை போடட்டுமா என்று கேட்டார்.

சாதுல்லா சந்தோஷப்பட்டார். ஆனால் அவருடைய கையெழுத்து விஷயம் அப்படியே கிடந்தது. அதைக் கேட்க வாய் வரவில்லை. வணக்கம் சொல்லிப் படியில் கால் வைத்தபோது வீரராகவன், "நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு ஃபைலோடு வந்தார். அதில் அந்தக் கடிதம் இருந்தது, டைப் அடித்துத் தயாராக, கையெழுத்து மட்டும் இல்லாமல்.

"இதுல ஒரு இடம் இருக்கு. இந்த ஆள் எதுக்கு வேணும்னு காரணம் எழுதணும். அஞ்சு வருஷமா ஒரே காரணம்தான் போடறேன். நேரம் தவறாதவர்னு." அவர் சாதுல்லாவை நிமிர்ந்து பார்த்தார். "இந்த வருஷம் அதை எழுத முடியுமா?"

சாதுல்லாவுக்குக் கண்ணுக்கு முன்னால் பச்சைப் பெயின்ட் பறந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "முடியாது சார்" என்றார்.

வீரராகவன் பேனாவைத் திறந்து, அந்த வரியைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி ஏதோ எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, காகிதத்தைத் திருப்பி நீட்டினார். இங்கிலீஷ். சாதுல்லா எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் தடவை பாதிதான் புரிந்தது. இரண்டாம் தடவை முழுக்கப் புரிந்தது. தப்பு செய்தால் தானே வந்து சொல்கிறவர் என்று எழுதியிருந்தது.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. வீரராகவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "போய்ட்டு வா, பஸ் கிடைக்காது" என்றார்.

பஸ் கிடைத்தது, ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. பருத்திப்பட்டைத் தாண்டும்போது ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. சாதாரணமாக அந்த இடத்தில் ஜன்னலை மூடிவிடுவார், ஈரக் காற்று ஆகாது. அன்று மூடவில்லை. மூச்சை இழுத்தார், அடிவயிறு வரைக்கும் போயிற்று. விட்டார். மறுபடி இழுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நல்லா கீறேன் என்றார் சாதுல்லா.